குறைத்துக் கேட்கும் முறை



விலை கேட்பதும், சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பதும் மனிதன் சந்தை கூட்டத் தொடங்கிய நாள்முதல் நடந்துவருகின்ற செயல்கள். இன்று அவை தெருவை விட்டுக் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டன. பழைய கட்டில், குளிர்பதனப் பெட்டி, மிதிவண்டி, குழந்தையின் தள்ளுவண்டி எதுவாயினும் சரி, அதைப் படம் பிடித்து, ஒரு விலையைக் குறித்து, ஊர் பேர் அறியாத ஆயிரம் பேர் பார்க்குமாறு வைத்துவிடுகிறோம். 2006 இல் தோன்றிய ஓ.எல்.எக்ஸ்., 2008 இல் தோன்றிய குவிக்கர், 2016 இல் பேஸ்புக் திறந்த விற்பனைப் பகுதி ஆகியவை இதற்கு வழி வகுத்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள் இப்போது அந்தச் சந்தையை நம் வீட்டு வாசற்படிக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

சொந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழுகின்ற நம்போன்றவர்களுக்கு இச்சந்தை வெறும் பொழுதுபோக்கு அன்று. மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டிலையும் பீரோவையும் திருச்சிக்கு ஏற்றி அனுப்பலாம் என்று கணக்குப் பார்த்தால், லாரி வாடகை பொருளின் மதிப்பைத் தாண்டிவிடுகிறது. ஆகவே விற்கிறோம். போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடியும் ஒரு குடித்தனத்தை நிறுவ வேண்டும், ஆகவே வாங்குகிறோம். இவ்வாண்டு விற்பவர், வரும் ஆண்டு வாங்குபவர். இரு பக்கத்து மனநிலையையும் உணர நம்மைவிடத் தகுதி வாய்ந்தவர் இலர் என்றே சொல்லலாம். ஆயினும், கைப்பேசியை எடுத்தவுடனே அந்த உணர்வு நம்மிடமிருந்து எங்கோ போய்விடுகிறது.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். ஒருவர் 9,000 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கும் பொருளை 4,000 ரூபாய்க்குக் கேட்கலாமா? கேட்பதாயின் எப்படிக் கேட்பது?

கேட்கலாம் என்பதே என் கருத்து. குறைத்துக் கேட்பது இழிவு என்று கருதுகின்ற ஒரு புதிய நாகரிகம் நகரங்களில் பரவிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடையில் உறையிட்ட பண்டத்துக்கு அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய பொருளுக்கு அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. அதன் விலையைக் கேள்வியும் பதிலுமாக இருவர் கூடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாங்குபவருடைய பை சிறியதாக இருப்பது குற்றமும் அன்று. குற்றம் கேட்கின்ற முறையில் இருக்கிறது.

பொள்ளாச்சி, மணப்பாறை முதலிய ஊர்களின் மாட்டுச் சந்தையைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். தரகர் ஒரு துண்டை விரிப்பார். அதற்கடியில் இருவர் கைகளும் மறையும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டு விரலைப் பிடித்தால் வேறு தொகை. சுற்றி நிற்கின்ற கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. வெளியாள் இதை வியாபார மறைப்பு என்பான். மறைப்பு என்பது உண்மையே. ஆனால், அந்தத் துண்டு வேறொரு வேலையையும் செய்கிறது. பத்துப் பேர் நடுவில், ஆசையாக வளர்த்த காளையை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் உழவனுக்கு அது தலைகுனிவு. துண்டுக்கு அடியில் கேட்டால் அது வெறும் எண். அவன் விரலை உதறிவிட்டு வேறு விரலைப் பிடிக்கிறான்; முகம் மாறுவதில்லை. கேட்டவனுக்கும் தன் வறுமை வெளிப்பட்டதே என்ற கூச்சம் இல்லை. குறைந்த விலை கேட்கும் உரிமையையும், கேட்கப்பட்டவரின் மானத்தையும் ஒரே துண்டு காத்துவந்தது.

இப்போது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை எண்ணிப் பாருங்கள். முந்நூறு குடும்பங்கள் பார்க்கின்ற இடத்தில் ஒருவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் படத்தை இடுகிறார். அடுத்த நிமிடம், அதே முந்நூறு குடும்பங்களின் முன்னிலையில், “பாதி விலைக்குத் தருவீர்களா?” என்று ஒருவர் எழுதுகிறார். கேட்ட தொகையில் பிழை இல்லாமல் இருக்கலாம். துண்டு இல்லாமல் கேட்டதுதான் பிழை. விற்பவர் இணங்கினால் அத்தனை பேருக்கும் அவருடைய அவசரம் தெரிந்துவிடுகிறது. மறுத்தால் கஞ்சர் என்ற பெயர் கிடைக்கிறது. தனிச் செய்தியாக அனுப்பியிருந்தால் இவ்விரண்டும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே குடியிருப்புகளில் நேரும் மனத்தாங்கலில் பாதி குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டில்லிக்குப் புதிதாக வந்த தமிழருக்கு முதல் வாரத்திலேயே யாரேனும் ஒருவர் ஓதிவிடுகின்ற பாடம் ஒன்று உண்டு. சரோஜினி நகரிலும் ஜன்பத்திலும் எந்த விலை சொன்னாலும் பாதியில் தொடங்கு என்பதே அது. அந்த இடங்களுக்கு அது பொருந்தும். அங்கே கடைக்காரர் நாம் குறைப்போம் என்று எதிர்பார்த்தே கூட்டிச் சொல்கிறார். அவருக்கு அசல் விலை தெரியும். எந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்பதும் தெரியும். நாம் முந்நூறு என்றால் அவர் சிரிக்கிறார்; போவதுபோல் பாசாங்கு செய்தால் கூப்பிடுகிறார். இது இருவரும் விதி அறிந்து ஆடுகின்ற ஆட்டம். இந்த ஆட்டத்தை ஒரு வீட்டுக்காரரிடம் கொண்டுபோவதில்தான் தவறு நேர்கிறது. அவர் வியாபாரி அல்லர். வாழ்நாளில் நாலைந்து பொருள்களை விற்றிருப்பார். பல நாள் யோசித்து, அண்டை அயலாரைக் கேட்டு, தாம் வாங்கிய விலையில் தேய்மானத்தைக் கழித்து, நியாயம் என்று தமக்குப் பட்ட ஓர் எண்ணை எழுதியிருக்கிறார். அதில் பாதியைக் கேட்டால், “நீ நேர்மையாகச் சொல்லவில்லை” என்று சொன்னதுபோல் அவர் காதில் விழுகிறது.

அவர் எழுதிய எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதற்குக் காரணம் பேராசை அன்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூன்று அறிஞர்கள் நடத்தி 1990 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. வகுப்பில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளைகளைக் கொடுத்தார்கள். குவளை பெற்றவர்களிடம், எவ்வளவு கிடைத்தால் விற்பீர்கள் என்று கேட்டார்கள். பெறாதவர்களிடம், எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர் கேட்ட தொகை, வாங்குபவர் கொடுக்க இசைந்த தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சில நிமிடங்களுக்கு முன்பு கைக்கு வந்த குவளைக்கே இந்த மதிப்பு என்றால், பதினெட்டு ஆண்டு வீட்டில் இருந்த ஊஞ்சலுக்கு எவ்வளவு இருக்கும்! ஆதலால் விற்பவர் சொல்வது உயர்வாகப் படுவதும், வாங்குபவர் கேட்பது தாழ்வாகப் படுவதும் இயற்கையே. ஒருவர்மீது ஒருவர் சினங்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

ஆனால் சினம் வந்துவிட்டால் அது கணக்குப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்று, அரசுக் குடியிருப்பைக் காலி செய்து கும்பகோணம் பக்கம் போகவேண்டியிருந்தது. தேக்கு மரத்தில் ஆசாரியை வைத்துச் செய்வித்த புத்தக அலமாரி ஒன்று அவரிடம் இருந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று எழுதினார். ஒருவர் வணக்கம் கூடச் சொல்லாமல், “இரண்டாயிரம், இன்றே எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதினார். பெரியவர் பதில் எழுதவில்லை. கிளம்புகின்ற நாளில் அந்த அலமாரியைக் குடியிருப்பின் காவலாளிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, வண்டிக்கூலியும் தாமே தந்தார். “இரண்டாயிரம் வந்திருந்தால் ரயிலில் சாப்பாட்டுக்காவது ஆகியிருக்குமே” என்று அவர் மனைவியார் சொல்ல, “அந்த ஆளுடைய பணத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது” என்றார்.

இது ஒரு தனி மனிதரின் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டா. 1982 இல் ஜெர்மனியைச் சேர்ந்த கியூத்தும் அவர் தோழர்களும் ஒரு சோதனையை வகுத்தார்கள். ஒருவரிடம் ஒரு தொகை கொடுக்கப்படும். அவர் அதில் எவ்வளவை மற்றவருக்குத் தருவது என்று சொல்ல வேண்டும். மற்றவர் ஏற்றால் அவ்வாறே பகிர்ந்துகொள்ளலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்கின்படி, ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுதான் இலாபம். ஆனால், பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுக்க முன்வந்தால் கணிசமானவர்கள் மறுத்துவிட்டார்கள். அவமதிப்பு என்று பட்டதை ஏற்பதைவிட, தம் பணத்தையும் இழந்து எதிராளிக்கும் கிடைக்காமல் செய்வதை அவர்கள் மேலாகக் கருதினார்கள். ஆகவே மிகக் குறைத்துக் கேட்பவர் பண்பை மட்டும் இழப்பதில்லை, அலமாரியையும் இழக்கிறார்.

அப்படியாயின் மிகக் குறைத்துக் கேட்கவே கூடாதா? கூடும், எண்ணோடு ஒரு காரணமும் செல்ல வேண்டும். டில்லியில் கோடைக்கு வாங்கிய காற்றுக் குளிர்விப்பான், அதாவது கூலர், அக்டோபரில் விற்பனைக்கு வருகிறது. 6,000 ரூபாய் என்கிறார்கள். “ஐயா, உங்கள் கூலர் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் வரையில் நான் இதை வைத்துக் காப்பாற்ற வேண்டும். பக்கத்துப் புல் அடைப்புகளையும் புதிதாக மாற்ற வேண்டும். 3,000 ரூபாய் கொடுக்க இயலும். ஞாயிறன்று காலையில் நானே ஆள் கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதுங்கள். கேட்டது பாதி விலைதான். ஆனால் இந்தக் கடிதம் யாரையும் புண்படுத்தாது. பொருளை இகழவில்லை, தம் நிலையைச் சொல்லியிருக்கிறது, வந்து எடுப்பதற்கு நாளும் குறித்திருக்கிறது. விற்பவருக்குப் பணத்தைப்போலவே நாளும் முக்கியம். வீட்டை ஒப்படைக்கின்ற தேதி நெருங்குகின்றவருக்கு, நிச்சயமாக ஞாயிறன்று வருகிற மூவாயிரம், என்றோ வருகிற ஐயாயிரத்தைவிட மேலாகத் தோன்றக்கூடும்.

காரணம் பொருளின் குறையாக இருந்தால், அதை நேரில் பார்த்த பின்னரே சொல்லுதல் நலம். படத்தைப் பார்த்தே “கதவு சரியில்லைபோல் இருக்கிறது” என்று எழுதுவது பெண் பார்க்கப் போகாமலே பழுது சொல்வது போன்றது. புதிய பொருளே இந்த விலைக்குக் கிடைக்கிறது என்பது காரணமானால், அதைச் சான்றோடு சொல்லலாம். பல வீட்டுக்காரர்களுக்குப் புதிய விலை இறங்கியது தெரிந்திருக்காது. “என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது” என்பதும் மதிக்கத்தக்க காரணமே. அது உண்மையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

எவ்வளவு குறைத்துத் தொடங்குவது என்பதற்கு நான் விதி ஏதும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஈபே என்னும் சந்தையில் நடந்த இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட விற்பனை அறிவிப்புகளை ஆராய்ந்து 2020 இல் பொருளியலாளர் சிலர் வெளியிட்ட கட்டுரை ஒரு செய்தியைச் சொல்கிறது. இருவரும் கடைசியாகச் சொன்ன எண்களுக்குச் சரி நடுவில் விழுகின்ற தொகையைக் கேட்கவும் ஏற்கவும் மக்கள் விரும்புகிறார்கள். நம்மூரில் தரகர் வெற்றிலையை மென்றுகொண்டே, “உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நடுவிலே முடியுங்கள்” என்பதைத்தான் அவர்கள் கண்டிருக்கிறார்கள்! நடுவில் முடியும் என்று தெரிந்து, வேண்டுமென்றே படுபாதாளத்தில் தொடங்குபவரும் உண்டு. முன் சொன்ன பெரியவரைப் போன்றவரிடம் அந்தத் தந்திரம் நடுவை எட்டுவதே இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாக உடைய எனக்கு இச்செய்திகளில் பயிலும் சொற்கள்மீதே கண் செல்கிறது. வட இந்தியாவில் இச்சந்தையின் தாரக மந்திரம் “லாஸ்ட் கித்னா” என்பது. கடைசி விலை என்ன என்று பொருள். ஆனால் அது வருவது முதல் செய்தியாக! ஒரு சொல்லும் பேசாமல், பொருளைப் பற்றி ஒன்றும் வினவாமல், உரையாடலின் முடிவை முதலிலேயே கேட்கிறோம். விற்பவர் உண்மையான கடைசி விலையைச் சொன்னால், அதிலிருந்து பேரம் தொடங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனிதரைப் பொய் சொல்ல வைக்கின்ற கேள்வியோடு அறிமுகம் செய்துகொள்வது அழகன்று. தமிழில் நாம் வழங்குகின்ற சொல் வேறு: “இந்த விலைக்கு உங்களுக்குக் கட்டுபடியாகுமா?” கட்டுபடி யாருக்கு? விற்பவருக்கு. குறைத்துக் கேட்கும்போதே அவருக்கு நட்டம் வரக்கூடாது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தேடி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

இதைவிட முக்கியமானது மரியாதைப் பன்மை. தமிழில் “குறைத்துக் கொடுங்கள்” என்கிறோம். “கொடு” என்று முன்பின் அறியாதவரிடம் சொல்லமாட்டோம். ஆனால் நம்மில் பலருடைய இந்தி, காய்கறிக் கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் கேட்டுக் கற்றது. “கம் கரோ” என்பது நம் காதுக்குச் சாதாரணமாக ஒலிக்கிறது. அது நெருங்கியவரிடமோ, தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று கருதுபவரிடமோ சொல்வது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தம் தையல் இயந்திரத்தை விற்கும்போது அவருக்கு “கம் கரோ” என்று எழுதினால், தொகை எதுவாயினும் அது அதட்டலாகவே படும். “தோடா கம் கீஜியே” என்றால் வேண்டுகோளாகும். “குச் கம் ஹோ சகேகா?” என்றால் இன்னும் மென்மை. கன்னடத்தில் “மாடு” என்பதற்கும் “மாடி” என்பதற்கும், வங்காளத்தில் “துமி” என்பதற்கும் “ஆப்னி” என்பதற்கும் இதே வேறுபாடு உண்டு. தெருவில் நேரில் பேசும்போது நம் முகமும் சிரிப்பும் இலக்கணப் பிழையை மன்னிக்கச் செய்யும். எழுத்தில் அந்த உதவி இல்லை. எழுதத் தயக்கமாக இருந்தால் தொலைபேசியில் பேசிவிடுவதே மேல். குரலில் பணிவு இருந்தால் எவரும் வேற்றுமொழிக்காரரின் பிழையைப் பெரிதுபடுத்துவதில்லை.

இனி நாம் நம்மவரிடமே வாங்குகின்ற வகை. ஒவ்வொரு பெருநகரத்திலும் தமிழர்களுக்கென்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. கிரைண்டர், இட்லிப் பானை, கொலுப்படி, வீணை முதலியவை அங்கேதான் விலைபோகும். வெளிச்சந்தையில் கொலுப்படியை ஏணி என்று நினைத்துக் கேட்பவர்தாம் வருவார்கள். இங்கே பேரத்துக்கு ஓர் ஆயுதம் கூடுதலாக இருக்கிறது: “நம்ம ஊர்க்காரர்தானே, பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.” இந்த வேண்டுகோளை நான் முற்றிலும் குறை சொல்லமாட்டேன். அயலூரில் தமிழ்க்குரல் கேட்டால் மனம் இளகுவது உண்மை. ஆனால் ஊர்க்காரர் என்ற உறவு இரு பக்கமும் செல்ல வேண்டியதல்லவா? ஊர்க்காரர் என்பதற்காக விற்பவர் ஆயிரம் ரூபாய் குறைக்க வேண்டுமானால், ஊர்க்காரர் என்பதற்காக வாங்குபவர் ஐந்நூறு ரூபாய் கூட்டியும் கொடுக்கலாமே! அவ்வாறு கொடுத்தவரை நான் இதுவரை கண்டதில்லை.

கிரைண்டரைப் பற்றி இன்னொன்று. வடநாட்டில் அதை வாங்க வருவோர் சிலரே என்பது இருவருக்கும் தெரியும். “இதை வேறு யார் வாங்கப்போகிறார்கள்?” என்று வாங்குபவர் சொன்னால் அது உண்மைதான். ஆயினும் அதைச் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரிந்ததையே சொல்லிக் காட்டுவது பேரம் அன்று, நெருக்குதல். அதே நேரத்தில், “ஊரிலிருந்து வரவழைத்தால் உங்களுக்கு இதைவிட ஆகும்” என்று விற்பவர் மிரட்டுவதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

கணவரை இழந்தவர், வேலை போனவர், மருத்துவச் செலவுக்காக விற்பவர் என்று தெரிந்தால் என்ன செய்வது? சிலர் அந்த நிலை தெரிந்ததும் தொகையை இன்னும் இறக்குகிறார்கள். தேவை மிகுந்தவர் எதற்கும் இணங்குவார் என்பது அவர்கள் கணக்கு. அது கணக்களவில் சரியாக இருக்கலாம். ஆனால் கட்டுபடியாகுமா என்று கேட்ட மொழிக்கு உரியவர்கள் அக்கணக்கைப் போடக்கூடாது. அவ்விடத்தில் எழுதிய விலையைக் கொடுங்கள். அல்லது பேசாமல் விட்டுவிடுங்கள், வேறொருவர் கொடுப்பார்.

விற்பவருக்கும் கடமை இல்லாமல் இல்லை. விலையில் மாற்றம் இல்லையென்றால் அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்; சிறிது குறைக்கலாம் என்றாலும் எழுதலாம். குறைந்த தொகை கேட்டவருக்கு, “இயலாது, நன்றி” என்ற இரண்டு சொல் போதும். அவர் எழுதியதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி நகையாடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பத்தாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் மகனுக்கு மேசை வாங்க நினைத்த ஒருவருடைய எழுத்தாக அது இருக்கக்கூடும். விலை குறிக்கின்ற முறையிலும் நுட்பம் உண்டு. ஈபே சந்தையைப் பற்றி 2019 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, நூறு டாலரின் மடங்காக முழு எண்ணில் விலை குறித்தவர்களிடம், அதற்குச் சற்று முன்பின்னான நுணுக்க எண்ணில் குறித்தவர்களைவிட 5 முதல் 8 விழுக்காடு குறைவாகவே கேட்டார்கள். ஆனால் 6 முதல் 11 நாள் முன்னதாகவே கேட்க வந்துவிட்டார்கள். பத்தாயிரம் என்று எழுதினால், “இவர் விரைவில் விற்க விரும்புகிறார்” என்று பொருள் கொள்கிறார்கள் போலும். அவசரம் உள்ளவர் முழு எண்ணில் எழுதுவது தவறில்லை. பிறகு குறைத்துக் கேட்கிறார்களே என்று வருந்தக்கூடாது.

பேரமே பேசாதவர் ஒருவர் உண்டு. அவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். விளம்பரம் வெளியான ஐந்தே நிமிடத்தில், பொருளைப் பார்க்காமலே, எழுதிய விலைக்கு இசைந்துவிடுவார். இராணுவத்தில் பணி, வேறு ஊருக்கு மாற்றல் என்று அடையாள அட்டையின் படமும் அனுப்புவார். பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு கியூ.ஆர். குறியீட்டை அனுப்பி, அதைப் படித்து இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்பார். யு.பி.ஐ. முறையில் இரகசிய எண்ணை அழுத்துவது பணம் கொடுப்பதற்குத்தான். பெறுவதற்கு அது வேண்டுவதே இல்லை. அழுத்தியவர் கணக்கிலிருந்து பணம் போய்விடும். அவ்வாறு போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். சொன்ன விலையில் ஆயிரம் ரூபாயைக் குறைக்க அரைமணி நேரம் வாதாடுகின்ற மனிதர்மேல் நமக்கு எரிச்சல் வரலாம். ஆனால் அவர் உண்மையாகவே வாங்க வந்தவர்.

எல்லாவற்றிலும் பொறுக்கவொண்ணாதது வாசற்படிப் பேரம். கைப்பேசியில் 5,000 ரூபாய் என்று முடிவாகிவிட்டது. விற்பவர் மற்ற மூவரிடம் “விற்றுவிட்டது” என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலை வாங்குபவர் வண்டியோடு வருகிறார்; பொருளைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, “நாலாயிரம்தான் கொண்டுவந்திருக்கிறேன்” என்கிறார். விற்பவருக்குத் திங்களன்று ரயில். கொடுத்துவிடுகிறார். இது குறைத்துக் கேட்பது அன்று. சொன்ன சொல்லை மீறுவது. முன்பு சொல்லாத பழுது நேரில் தெரிந்தால் அதைக் காட்டி விலையை மாற்றிக் கேட்பதில் தவறில்லை. வேறு காரணம் இல்லையேல், பேசிய தொகையைச் சில்லறை உட்பட எடுத்துச் செல்ல வேண்டும். தூக்க ஆளும் நாமே கொண்டுபோக வேண்டும். நான்காம் மாடியிலிருந்து பீரோவை இறக்க, விற்கின்ற முதியவரையே ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முறையாகப் பேசி முடித்த இடத்தில் பெரும்பாலும் ஒன்று நடப்பதைக் காண்கிறேன். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு விற்பவர், “சற்று இருங்கள்” என்று உள்ளே போவார். கிரைண்டரோடு தேங்காய் துருவியையும், கூலரோடு மிச்சமிருந்த புல் அடைப்பையும், குழந்தைக் கட்டிலோடு ஒரு கொசுவலையையும் கொண்டுவந்து வைப்பார். நம் கடைத்தெருவில் இதற்குக் கொசுறு என்று பெயர். கறிவேப்பிலையைக் கேட்டு வாங்குவதுபோல் இந்தக் கொசுறைக் கேட்டு வாங்க இயலாது. துருவியின் பிடி சற்று ஆடுகிறது, ஓர் ஆணி அடித்தால் சரியாகிவிடும் என்பதையும் அவரே சொல்லி அனுப்புவார்.